'டுவார்ஃப் லயன்' என்று விற்கிறார்கள், துடுப்பைப் பார்த்து வாங்குங்கள்

டுவார்ஃப் லயன்ஃபிஷ் (விஷ முள் உள்ள கடல் மீனான லயன்ஃபிஷில் குள்ள வகை), 200 லிட்டர் டேங்க் கடைசிவரை போதும், பெல்லட் (உருண்டைத் தீனி) நன்றாகவே சாப்பிடும். கடையில் இப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். கொடுத்தது வாலிடன்ஸ் என்ற பெரிய வகை லயன்ஃபிஷின் குட்டி. அது 38 செ.மீ. வரை வளரும். 450 லிட்டருக்குக் குறைவான தொட்டியில் வைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. திருப்பிக் கொண்டுபோனால், "கடல் மீனுக்கு கேரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்கள்.

குட்டியாக இருக்கும்போது இரண்டுக்கும் அதே செம்பழுப்பு வரிகள்தான். அதனால்தான் ஏமாற்ற முடிகிறது. மீன் பக்கத்துடுப்பை விரிக்கும்வரை கண்ணாடி முன்னால் பொறுமையாக நில்லுங்கள். ஜீப்ரா டுவார்ஃப் என்ற குள்ள வகை என்றால் கதிர்களுக்கு நடுவே சவ்வு கிட்டத்தட்ட நுனிவரை இருக்கும், விசிறி விரித்த மாதிரி தெரியும். செவுள்மூடியின் அடிப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இருக்கும். வாலிடன்ஸில் சவ்வு முன்பே நின்றுவிடும், கதிர்கள் இறகு இறகாகப் பிரிந்து தொங்கும்.

அடுத்தது தீனி. கடையில் அதற்குப் போட்டுப் பழக்கியது உயிருள்ள கோல்ட்ஃபிஷ். அதில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், அதன் கொழுப்பும் கடல் மீனுக்கு ஒத்துவராது. தொடர்ந்து தின்றால் மீன் வெளியே கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே உறைந்த இறாலை ஐஸ் உருகவைத்துப் போடச் சொல்லி, அது விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உயிருள்ள சிறு இறாலில் தொடங்குங்கள். அதைச் சில நாள் தின்றதும், செத்த இறாலை மெல்லிய கண்ணாடிக் குச்சியில் செருகி, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் லேசாக ஆட்டுங்கள். அசைந்தால்தான் அதற்கு இரை. சிலது ஒரே வாரத்தில் பழகும், சிலது மாதக்கணக்கில் அடம்பிடிக்கும். வளர்ந்த மீனுக்கு வாரத்துக்கு 2 அல்லது 3 வேளை போதும். வாயில் நுழையும் எந்த மீனையும் கூட விடாதீர்கள்.

விஷ முள் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, இதுதான் மன்னிக்க முடியாதது. முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, குதத் துடுப்பில் 3. குத்தினால் ஐஸ் வைக்காதீர்கள். அந்த விஷம் சூட்டில் சிதைவது. கை தாங்கும் வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் முக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வெந்நீருக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மீனை இடம் மாற்ற வலை கூடாது, முள் சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஓட்டிப் பிடித்து, நீரோடு தூக்குங்கள்.