உள்ளூர் சனலா, சிங்களத் தொடரா, சென்னையா, யூடியூபா? கொழும்பில் இருந்து நாடகம் எழுத நினைப்பவருக்கு

கொழும்பில் இருந்துகொண்டு டிவி நாடகம் எழுத ஆசைப்படும் தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கு இன்றைக்கு நான்கு வழிகள் தெரிகின்றன: உள்ளூர்த் தமிழ்ச் சனல்கள், சிங்களத் தொலைநாடகம், சென்னை சீரியல், சொந்த யூடியூப். இவற்றைப் பொதுவாகக் காசை வைத்தோ பெயரை வைத்தோதான் ஒப்பிடுவார்கள். சென்னை என்றால் பெயர், சிங்களம் என்றால் காசு, யூடியூப் என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை, உள்ளூர்ச் சனல் என்றால் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள்.

நான் பார்ப்பது வேறு ஒன்றை. ஒரு வருடத்தில் நீங்கள் எழுதும் பக்கங்களில் எத்தனை படமாகின்றன? நடிகரின் வாயில் சிக்கும்போதுதான் வசனம் நீளம் என்று தெரியும். எடிட்டர் வெட்டி எறிந்த பிறகும் கதை புரிகிறதென்றால், அந்தக் காட்சி முதலிலேயே தேவையில்லை என்று தெரியும். மேசை லாச்சிக்குள் கிடக்கும் பிரதி இதில் ஒன்றையும் சொல்லித் தராது. அதனால் கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் போகும். பகலில் விளம்பரத்துக்குத் தமிழ் எழுதிப் பிழைத்து, இரவில் நாடகம் எழுதும் ஒருவனின் பக்கச்சார்பும் இதில் இருக்கும்.

உள்ளூர்த் தமிழ்ச் சனல்கள்

எல்லோரும் முதலில் தட்டும் கதவு இதுதான். இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் ஐ.டி.என். வழியாக வந்தது. ரூபவாஹினி 1982 இல். தமிழுக்கென்று சக்தி டிவி 1998 இல் வந்தது, ஐ.டி.என். குழுமத்தின் வசந்தம் 2009 இல். ரூபவாஹினியிடம் நேத்ரா என்ற தமிழ்ச் சனலும் உண்டு. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் தமிழ் எழுத்தாளருக்குப் பஞ்சமே இருக்கக் கூடாது. ஆனால் மாலை நேரத்தில் ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். செய்தி, சினிமா, பாட்டு, இந்தியத் தொடர், மொழிமாற்றுத் தொடர். இங்கேயே எழுதி இங்கேயே எடுத்த தமிழ் நாடகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் திறமைக் குறைவு என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குத்தான் காரணம். ஒரு நாள் படப்பிடிப்புக்கு கமரா, லைட், வான், சாப்பாடு எல்லாம் சிங்கள நாடகத்துக்கு என்ன விலையோ தமிழ் நாடகத்துக்கும் அதே விலை. விளம்பரக் காசு வருவதோ பார்ப்பவரின் தொகையைப் பொறுத்து. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எல்லோரையும் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழக் கால் பங்கு. அந்தக் கால் பங்கிலும் பலர் டிஷ் வழியாக நேரே சென்னைச் சனல்களைப் பார்க்கிறார்கள். இந்தியத் தொடரை வாங்கினால் நூற்றுக்கணக்கான எபிசோட் தயாராக வந்து இறங்கும். 2006 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வெளிநாட்டுத் தொலைநாடகங்களுக்கு வரி போட்டது. அதனால் உள்ளூர்த் தமிழ் நாடகம் நிமிர்ந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் இங்கே என்ன கிடைக்கும்? தீபாவளி, பொங்கல், ரமழான், நத்தார் காலத்துச் சிறப்பு நாடகங்கள். நகைச்சுவைத் துண்டுகள். நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கான எழுத்து. நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் மரியாதையாகவே பேசுவார்கள். "பாப்பம் தம்பி, ஒரு ஸ்பொன்சர் இருந்தா சொல்லுங்கோ" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளத் தேவையில்லை, அது நேர்மையான பதில். கதையை விட அனுசரணையாளரின் பெயர் முன்னால் நிற்கும் இடம் இது. வெள்ளவத்தைப் புடவைக் கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், நல்ல கதை வைத்திருப்பவரை விட நீங்கள் ஒரு படி மேலே. பண்டிகை நெருங்கிய பிறகு போனால் விளம்பர பட்ஜெட் எல்லாம் பங்கிட்டு முடிந்திருக்கும். ஆறு மாதம் முன்னதாகப் போங்கள்.

படமாகும் பக்கங்கள் என்று பார்த்தால் அதிர்ஷ்டம் இருந்தால் வருடத்துக்கு ஒரு சிறப்பு நாடகம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சிங்களத் தொலைநாடகம்

இதே நகரத்தில், சில வேளை அதே கட்டடத்தின் அடுத்த மாடியில், ஒரு முழுத் தொழிற்றுறை இயங்குகிறது. ரூபவாஹினி, ஐ.டி.என்., சுவர்ணவாஹினி, சிரச, தெரண, ஹிரு எல்லாவற்றுக்கும் மாலையானால் நாடகம் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை போகும் ஒரு தொடருக்கு மாதத்துக்கு 20 எபிசோட்டுக்கு மேல் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் விளம்பரம் கழித்து 20 நிமிடத்துக்குச் சற்று மேலே. இந்தப் பசிக்கு எழுதுபவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். சுமதி, ரைகம் என்று ஆண்டுதோறும் விருது விழா வைக்கும் அளவுக்கு இந்தத் துறைக்கு ஆட்களும் ஆர்வமும் இருக்கின்றன.

"நமக்கெங்கே சிங்களத்தில் எழுத வரும்?" என்பதுதான் தமிழ் நண்பர்களின் முதல் மறுப்பு. சிங்களத்திலும் தமிழைப் போலவே எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு. நாவல் எழுதத்தான் எழுத்துச் சிங்களம் வேண்டும், நாடக வசனத்துக்கு வேண்டியது பேச்சுச் சிங்களம். கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ வளர்ந்து, பஸ்ஸிலும் சந்தையிலும் அலுவலகத்திலும் சிங்களம் பேசிப் பழகிய ஒருவருக்குக் காது ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு சிங்கள நண்பர் போதும். இருவராகச் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. ஒருவர் கதை முடிச்சைப் பார்க்க, மற்றவர் வசனத்தைப் பார்க்கலாம்.

நுழைய இன்னொரு சின்ன வாசலும் உண்டு. சிங்கள நாடகங்களில் தமிழ்ப் பாத்திரங்கள் வருகின்றன. ஒரு தோட்டத் தொழிலாளி, ஒரு கடை முதலாளி, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பெண். அவர்கள் பேசும் தமிழைக் கேட்டு நாம் வீட்டில் இருந்து சிரிக்கிறோம். சிரித்துவிட்டு விடாமல் அதைச் சரிசெய்து தருகிறேன் என்று இயக்குநரிடம் போகலாம். மலையகத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் கொழும்பு முஸ்லிம்களின் தமிழும் எங்கே எப்படிப் பிரிகின்றன என்று தெரிந்தவர் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அநேகமாக வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆபத்து என்னவென்றால், காலம் முழுக்க "தமிழ் டயலொக் பார்ப்பவர்" என்ற முத்திரை விழுந்துவிடும். மூன்றாவது வேலையிலாவது ஒரு முழுக் காட்சியை எழுதத் தாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை. இன்னொன்று, பிரபல எழுத்தாளருக்குக் கீழே எழுதினால் திரையில் உங்கள் பெயர் வராமலே போகலாம். ஆரம்பத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பெயர் இல்லாமல் படமாகும் ஐம்பது பக்கம், பெயரோடு லாச்சிக்குள் கிடக்கும் ஐந்நூறு பக்கத்தை விட உங்களை நல்ல எழுத்தாளராக்கும்.

தமிழன் சிங்களத்தில் என்ன செய்வது என்று தயங்குபவருக்கு ஒரு தகவல். சிங்களம் பேசிய முதல் திரைப்படத்தை 1947 இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்.

சென்னை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை செய்ய முடியாது. வேலை விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு இருக்கிறது, புது எழுத்தாளருக்கு அந்தத் தொகையைக் கொடுக்க எந்தத் தயாரிப்பாளரும் முன்வர மாட்டார். அங்கே கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் தனித்தனிக் கைகளில் இருக்கும். வியாழக்கிழமை பார்க் ரேட்டிங் (எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு) வந்ததும் அடுத்த வாரக் கதை மாறும். அப்படி மாறும் கதைக்கு உடனுக்குடன் வசனம் எழுதித் தர ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், வட்ஸ்அப்பில் இருந்து இதைச் சமாளிப்பது மிகவும் கஷ்டம். எழுதும் தமிழும் சென்னை வீட்டுத் தமிழாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஓடும் தொடர்களில் கணிசமானவை வேறு மொழித் தொடர்களின் தழுவல். விஜய் டிவியில் ஓடிய பாக்கியலட்சுமிகூட ஒரு வங்காளத் தொடரில் இருந்து வந்ததுதான்.

பாலு மகேந்திரா போகவில்லையா என்று யாராவது கேட்பார்கள். மட்டக்களப்பில் இருந்து போனவர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, கமராவோடு உள்ளே நுழைந்தார். கையில் வெறும் பிரதியோடு போகும் ஒருவருக்கு அது முன்னுதாரணமாகாது.

யூடியூப்

உள்ளூர்ச் சனலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யூடியூப் ஒரு விடயத்தில் தெளிவாக முன்னால் நிற்கிறது: யாருடைய பதிலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மாதம் ஒரு ஒன்பது நிமிட நாடகம் எடுத்தாலே, சனலின் வருடாந்தச் சிறப்பு நாடகத்தை விட அதிக பக்கம் படமாகிவிடும். ஒன்பது என்று சும்மா சொல்லவில்லை. எட்டு நிமிடத்தைத் தாண்டும் வீடியோவுக்குத்தான் நடுவில் விளம்பரம் போட முடியும். விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வை நேரமும் வேண்டும் (குறும் வீடியோ வழியில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை). இலங்கையில் இருந்து பார்க்கும் பார்வைக்குக் கிடைப்பது சொற்பம், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பார்க்கும் நம்மவர்களின் பார்வைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். இதனாலேயே பல யூடியூப் நாடகங்கள் ஊர் நினைவையும் வெளிநாட்டு மாப்பிள்ளையையும் விட்டு நகர மறுக்கின்றன. ஸ்பொன்சருக்காக எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில் எடுப்பதற்கு ஒரு தனித் தொல்லை, சத்தம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பாதை ரயில் ஒரு பக்கம், பாண் ஓட்டோவின் பாட்டு மறு பக்கம். யாழ்ப்பாணத்தில் முற்றமும் வளவும் வைத்து எடுப்பவர்கள் நம்மை முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுக்குமாடிக்குள் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேர், ஓர் அறை, மூடிய யன்னல் என்று எழுதுங்கள். அந்தக் கட்டாயமே நல்ல பயிற்சி.

சிங்களத் தொடரோடு ஒப்பிட்டால் யூடியூப் தோற்கும் இடம் ஒன்றுதான், ஆனால் பெரிய இடம். பிரதியைத் திருப்பித் தர அங்கே ஆளில்லை. நண்பர்கள் நடிக்கிறார்கள், நண்பர்கள் பார்க்கிறார்கள், கீழே "சூப்பர் அண்ணா" என்று போடுகிறார்கள். தொடர் இயக்குநர் ஒருவர் "இந்தக் காட்சி வேண்டாம், நாளைக் காலைக்குள் வேறு எழுது" என்று சொல்லும்போது கிடைக்கும் பாடம் அந்தக் கொமெண்டில் கிடைக்காது.

பட்டியலில் இல்லாத வேலை

டப்பிங் பிரதியை யாரும் எழுத்து என்று மதிப்பதில்லை, ஆனால் காசும் பயிற்சியும் சேர்ந்து வரும் வேலை அது. திரையில் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் ப, ம வர வேண்டும். வசனம் மூச்சு விடும் இடத்தில் விட வேண்டும். ஹிந்தி, கொரியம், துருக்கி, சிங்களம் எல்லாவற்றிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும் என்பதால் வாக்கியத்தைத் தலைகீழாக்காமல் பொருத்தலாம். சில மாதம் இதைச் செய்தவருக்கு வசனத்தில் கொழுப்பு தானாகக் குறையும். விளம்பரத் தமிழும் அப்படித்தான், 30 செக்கனுக்குள் கதை சொல்லியாக வேண்டும்.

ஆக என் வரிசை இது: பேச்சுச் சிங்களம் நன்றாக வருபவர் சிங்களத் தொடரில் தொடங்கட்டும். வராதவர் டப்பிங்கில் சம்பாதித்து யூடியூபில் எடுக்கட்டும். இரண்டு சாராரும் பண்டிகைக் கதை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளூர்ச் சனலை வருடத்துக்கு ஒரு தடவை தட்டட்டும். சென்னை, அங்கிருந்து யாராவது கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் கையெழுத்துப் போடும் முன் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒரு தடவை புரட்டுங்கள். வெறும் யோசனைக்கு அதில் பாதுகாப்பு இல்லை, எழுதிய பிரதிக்கு உண்டு, அதற்கு எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் நாடகத்தின் பொருளாதார உரிமை, அதாவது அதைக் காசாக்கும் உரிமை, தயாரிப்பாளருக்குப் போய்விடும். ஆனால் நாடகத்துக்கு முன்பே இருந்த படைப்பின் ஆசிரியருக்கு, அந்தப் படைப்பைத் தனியாகப் பயன்படுத்தும் உரிமை தொடர்கிறது. ஆகவே கதையை முதலில் சிறுகதையாக எழுதி, எங்காவது உங்கள் பெயரில் அச்சில் வரவிட்டு, அப்புறம் பிரதியாக்கிக்கொண்டு போங்கள். வாயால் மட்டும் கதை சொல்லிவிட்டு வர வேண்டாம். சந்திப்பு முடிந்த அன்றே ஒரு பக்கச் சுருக்கத்தைத் திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், ஒரு நகல் உங்களுக்கும்.