பொம்மைக்கு ‘வெக்டர்’ வரைந்து தருகிறோம் என்பவர்களிடம் மீதிப் பணம் கொடுக்கும் முன்

சேலத்தில் சின்ன அளவில் மரப் பொம்மை, மேக்னட், குழந்தைகளுக்கான புதிர்ப் பலகை என்று செய்து விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிசைன் வேலையை வெளியே கொடுக்கிறவர் என்றால் இதை முழுதாகப் படியுங்கள். என்னை ஏமாற்றிய டிசைன் கடையின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை எழுதப் போவதும் இல்லை.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு மலையேறி வருகிற கூட்டத்தை நம்பி ஒரு பொம்மைத் தொகுப்பு போட நினைத்தோம். காட்டுமாடு, காபிப் பழம் பறிக்கிற அம்மா, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், ஏரிப் படகு, கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற பஸ் என்று மொத்தம் எட்டு உருவம். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை லேசரில் வெட்டி, மேலே கலர் பிரிண்ட் ஒட்டி, அடிக்கட்டையில் செருகி நிற்க வைக்க வேண்டும். நகருக்குள் இருக்கும் ஒரு டிசைன் சென்டரில் உருவத்துக்கு 2,000 ரூபாய், மொத்தம் 16,000 என்று பேசி பாதியை அட்வான்ஸாகக் கொடுத்தேன். சொந்தமாக வரைய வேண்டும், எல்லாம் வெக்டராக (லேசர் பின்தொடர்ந்து வெட்டக்கூடிய கோடுகளாக) இருக்க வேண்டும், வெட்டுக்கோடு தனி லேயரில் வர வேண்டும், பிரிண்டுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டுக்கோட்டைத் தாண்டியும் நீளும் கலர் ஓரம்) விட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். “கண்டிப்பா மேடம், நம்மகிட்ட எல்லாமே கையில வரையறதுதான்” என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

வரைந்து முடித்ததும் மாதிரிக்கு ஜேபெக் படம்தான் அனுப்பினார்கள். மீதிப் பணம் ஏறினால்தான் ஒரிஜினல் ஃபைல் என்றார்கள். பணம் போனது, ஃபைல் வந்தது, பெயரின் கடைசியில் ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் ஃபைல்), எஸ்விஜி என்று வெக்டர் ஃபைலுக்கு உரிய எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் செவ்வாய்பேட்டையில் லேசர் கட்டிங் செய்கிற அண்ணாவிடம் கொடுத்தேன். கோரல் டிரா என்கிற வரைகலை மென்பொருளில் திறந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல வெட்டறதுக்குக் கோடே இல்லைங்களே, படத்தைத் தூக்கி உள்ள வெச்சு சேவ் பண்ணியிருக்காங்க” என்றார்.

விஷயம் இதுதான். வெக்டர் என்றால் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளும். லேசர் இயந்திரம் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கும். போட்டோ மாதிரி கட்டம் கட்டமாகச் சேர்ந்த பிக்சல் படத்தை எஸ்விஜிக்குள் வைத்து எஸ்விஜி என்றே சேமிக்க முடியும், ஃபைலின் பெயரை மட்டும் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிச் சேமித்தவருக்கு மட்டும் நன்றாகவே தெரியும். அதனால்தான் இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

திருப்பிக் கேட்டதற்கு ‘கன்வெர்ஷன் சார்ஜ்’ என்று இன்னொரு 3,000 கேட்டார்கள். நுகர்வோர் புகார் என்று சொன்னதும் அதை விட்டுவிட்டு இரண்டாவது ஃபைல் தந்தார்கள். இது இன்னும் மோசம். அதே படங்களை ஆட்டோ டிரேஸில் (படத்தின் விளிம்புகளைக் கம்ப்யூட்டரே கோடாக மாற்றுகிற வசதி) போட்டு அப்படியே எடுத்திருந்தார்கள். நூறு புள்ளிகூடத் தேவைப்படாத ஒரு மாட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், விளிம்பெல்லாம் பல் பல்லாக. கறுப்பு அவுட்லைனை டிரேஸ் செய்தால் அதன் உள்விளிம்பு ஒரு கோடு, வெளிவிளிம்பு இன்னொரு கோடு என்று இரண்டாகிவிடும், லேசர் இரண்டையும் வெட்டும். சோதனைக்கு வெட்டிய துண்டில் மாட்டின் கால் கருகி, தொட்டதும் கையோடு வந்தது. குழந்தை கையில் கொடுக்கிற பொருள் இது. உடைந்த கால் வாய்க்குப் போகும் என்ற பயம்கூடவா இருக்காது?

அடிக்கட்டையில் செருகும் பள்ளத்தை எல்லா உருவத்துக்கும் 3 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். கடையில் 3 என்று விற்கிற பிளைவுட் அளந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். லேசரும் தன் பங்குக்குக் கொஞ்சம் மரத்தை எரித்து எடுத்துவிடும். பலகையை அளந்து, ஒரு துண்டு வெட்டிப் பார்த்துத்தான் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாததால் ஒரு பொம்மைகூட நிற்கவில்லை.

அப்புறம் அந்த மாடு. ஏற்காட்டுக் காட்டுமாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: பளபளக்கும் கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நான்கு கால். எனக்கு வந்ததில் தாடியும் கழுத்தைச் சுற்றிச் சடைமுடியும் இருந்தன. அது அமெரிக்கக் காட்டெருமை, பைசன். சந்தேகத்தில் இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில், கலர் இல்லாமல் வெறும் கோடு மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வையில் திறந்தேன். வயிற்றின் குறுக்கே சாய்வாக உடைந்த எழுத்துகள் தெரிந்தன. படங்களை விற்கிற ஏதோ ஒரு ஸ்டாக் தளம் முன்னோட்டப் படத்தின் மேல் போடுகிற வாட்டர்மார்க் எழுத்து, படத்தோடு சேர்ந்து அதுவும் டிரேஸ் ஆகியிருக்கிறது! காசு கொடுத்துக்கூட வாங்காமல், முன்னோட்டப் படத்தைத் திருடி எனக்கு 2,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். நான் அதை அச்சடித்து விற்றிருந்தால் வரைந்தவர் என் மேல்தான் வழக்குப் போடுவார்.

உரிமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வெளி ஆளிடம் கொடுத்து வரைந்தால், பணம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே பதிப்புரிமை நமக்கு வந்துவிடும் என்று இருக்க முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கணக்கு. அந்த ஒரு பக்கத் தாளில் கையெழுத்துக் கேளுங்கள், திருட்டுப் படம் தருகிறவர் அங்கேயே தயங்குவார்.

மீதிப் பணம் கொடுக்கும் முன் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உங்கள் கண் முன்னால் ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோலும் ஒய்-யும் அழுத்தினால் கலர் எல்லாம் மறைந்து வெறும் கோடு தெரியும், கோரலில் வயர்ஃபிரேம் பார்வை அதே வேலையைச் செய்யும். கோடுகளுக்குப் பதில் வெறும் பெட்டியோ கலர் போன படமோ தெரிந்தால் உள்ளே இருப்பது பிக்சல் படம். கோடு இருந்தால் அதைத் தொட்டு, எத்தனை நோடு (புள்ளி) என்று பாருங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், வீட்டிலேயே போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்க்கலாம். “மெஷின் மாடல் வேற மேடம், அங்க காட்டாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

பணம் இதுவரை திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன், உரையாடல், ரசீது, இரண்டு ஃபைல், உடைந்த துண்டின் போட்டோ எல்லாம் கொடுத்தாகிவிட்டது. சேலத்தில் இதே மாதிரி ஃபைல் வாங்கி வைத்திருப்பவர்கள் பிரிண்டுக்கு அனுப்பும் முன் இன்றைக்கே அவுட்லைனில் திறந்து பாருங்கள், வாட்டர்மார்க் எழுத்து தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.