குதிகாலில் குத்தும் வேளை: தாய்ப்பாலா, சர்க்கரைக் கரைசலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் மஞ்சள்காமாலைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பச்சைக் குழந்தைக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பது அன்றாடக் காட்சி. கட்டைவிரல் பருமனே உள்ள அந்தக் குதிகாலைத் தாதி பிழியும்போது குழந்தையின் புருவம் புடைத்து, கண்கள் இறுகி, மூக்கிலிருந்து உதடுவரை கோடு விழுகிறது. வலியை அளக்க மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களும் இவையே. குறைமாதக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பிராது. அந்த அமைதியை வலியின்மை என்று எண்ணிவிடக்கூடாது.

குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு 24 விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசலைச் சில துளிகள் நாக்கில் விட்டால் அழுகை குறைகிறது. பாட்டிமார் பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பது நினைவுக்கு வரலாம். ஆனால் இது அளவிட்டுத் தரப்படும் தூய கரைசல். வீட்டுத் தேனை இதற்கு மாற்றாக்கவே கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரக்கூடும். இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு: 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், கரைசல் பெற்ற குழந்தைகளின் முகச்சுளிப்பு குறைந்தபோதிலும் மூளையில் பதிவான வலி அலை குறையவில்லை.

தாய்ப்பாலை நான் முதலில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குத்துவதற்குச் சற்று முன்பே மார்பில் நன்றாகப் பற்றவைத்து, இரத்தம் எடுத்து முடியும்வரை தொடர்ந்து கொடுத்தால், இனிப்போடு தாயின் சூடும் மணமும் உறிஞ்சும் இதமும் ஒருங்கே சேர்கின்றன. கறந்த பாலைச் சொட்டு விடுவதில் அவ்வளவு பலன் இல்லை. பால் குடிக்க இயலாத குழந்தையை, உடல்நிலை இடந்தந்தால், வெறும் மார்பில் தோலோடு தோலாக அணைத்திருப்பதும் வலியைத் தணிக்கும், இதைத் தந்தையும் செய்யலாம். பச்சை உடம்புக்காரி பத்தியத்தில் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் தடுப்பது அக்கறையால்தான் என்றாலும், அந்த நேரத்தில் குழந்தைக்கு அவளே மருந்து. குழந்தை ஈப்போ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அறுவைப் பிரசவமான தாய் இங்கேயே படுத்திருந்தால், அப்போது சர்க்கரைக் கரைசலே கைகொடுக்கும்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பும் பாரசிட்டமாலும் குதிகால் குத்தலுக்கு உதவுவதில்லை. கைகால்களை மடக்கித் துணியில் சுற்றிப் பிடிப்பது நல்ல துணை. நிறைமாதக் குழந்தைக்கு, கைதேர்ந்தவர் இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுப்பது குதிகாலைக் குத்துவதைவிட வலி குறைந்தது.

தட்டோடு தாதி வரும்போதே தாய் கேட்கலாம்: “மிஸ்ஸி, நீங்க குத்துறப்போ நான் பால் கொடுத்துக்கிட்டே இருக்கலாமா?”