குட்டி அனிமே, குட்டி மங்கா: என் ஐந்து வருடப் பழக்கம்

மகள் பிறந்தது 2020-இல். அதுவரை நான் நீளமான தொடர்கள் பார்க்கிற ஆள். ஒரு எபிசோட் 24 நிமிடம். பிடித்துவிட்டால் ஒரே மூச்சில் ஆறேழு ஓடும். குழந்தை வந்த பிறகு 24 நிமிடம் சேர்ந்தாற்போல் கையில் சிக்கவில்லை. நடுராத்திரி பால் கொடுக்கும்போது ஒரு கை சும்மா இருக்கும், கண் சொருகும், தூங்கிவிடவும் கூடாது. அப்போது சத்தத்தை அணைத்துவிட்டு, சப்டைட்டில் போட்டு, போனில் பார்க்க ஆரம்பித்தவைதான் எட்டு நிமிடம், ஐந்து நிமிடம், மூன்று நிமிட அனிமேக்கள், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள். அங்கிருந்து ஜப்பானிய காமிக்ஸான மங்காவுக்கு வந்தேன்; நான்கு கட்ட மங்கா, ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடும் மங்கா என்று போய்விட்டேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நீளமாகப் பார்க்க நேரம் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் கை முதலில் போவது குட்டிக் கதைகளிடம்தான். இந்த ஐந்து வருடத்தில் எது பிடித்தது, எங்கே ஏமாந்தேன் என்று எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது 2014-இல் வந்த 'தோனாரி நோ செகி-குன்'. 'பக்கத்து சீட்டு செகி' என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 21 எபிசோட், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம் போல. வகுப்பின் கடைசி வரிசையில் செகி என்று ஒரு பையன். பாடம் நடக்கும்போது மேசை மேல் எதையாவது செய்துகொண்டே இருப்பான். முதல் எபிசோடில் ரப்பர்களை டோமினோ மாதிரி அடுக்குகிறான். கதை அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் யோகோய் என்ற பெண் பாடத்தைக் கவனிக்கத்தான் நினைக்கிறாள். முடியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்து, அந்த வரிசை ஒழுங்காக விழ வேண்டுமே என்று பதறுகிறாள். செகி வாயே திறப்பதில்லை. முழுக்க அவள் மனசுக்குள் ஓடுகிற பேச்சுதான். அடுத்த எபிசோடில் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் காய்கள் வரும். அந்த மரக்காய்களுக்குள் துரோகம்கூட நடக்கும், அவளோடு சேர்ந்து நமக்கும் மனசு கனக்கும்.

மாதக்கணக்கில் அதை ஊமைப் படமாகத்தான் பார்த்தேன். பிறகு ஒருநாள் இயர்போன் மாட்டிப் பார்த்தபோதுதான், யோகோய்க்குக் குரல் கொடுத்த கானா ஹனாஸவா எவ்வளவு செய்திருக்கிறார் என்று தெரிந்தது. மூச்சை இழுப்பதிலேயே ஒரு பயம், ஒரு ஆசை. எல்லாம் தெரிந்த கதை. இருந்தும் 21-ஐயும் முதலிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நீளமான தொடரில் ஒரு எபிசோட் முடியும்போது மனசு 'அப்புறம்?' என்று கேட்கும். குட்டிக் கதை முடியும்போது 'இன்னொரு தடவை' என்று கேட்கும். நூறு எபிசோட் தாண்டிய தொடர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட இரண்டாம் தடவை முழுசாகப் பார்த்ததில்லை.

மங்கா பக்கம் வந்தால், நான்கு கட்ட மங்காதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஜப்பானில் அதை யொன்கோமா என்பார்கள். மேலிருந்து கீழாக நான்கு கட்டம். கி, ஷோ, டென், கெட்ஸு என்று நான்குக்கும் பெயர் உண்டு: எடுப்பு, தொடர்ச்சி, திருப்பம், முடிப்பு. சீன நான்கடிக் கவிதையின் அமைப்பிலிருந்து வந்த முறை. இதில் மூன்றாவது கட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. அது முதல் இரண்டோடு மோதாது. வேறெங்கிருந்தோ வந்து பக்கத்தில் நிற்கும். நான்காவது வந்து எல்லாவற்றையும் ஒரு முடிச்சில் சேர்க்கும்.

படித்துப் படித்து நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். முதல் கட்டம்: ஆபீஸ் கிளம்பும் ஒருத்தி குடையைத் தேடுகிறாள். இரண்டு: பீரோ மேல், கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எங்கும் காணோம். மூன்று: பக்கத்து வீட்டு மாமரத்தடியில் ஒரு குழந்தை அந்தக் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தாத்தா தொரட்டியால் மாங்காய் பறிக்கிறார். நான்கு: ஹேண்ட்பேக் தரையில் கிடக்கிறது, அவளும் குடையின் இன்னொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். என் ஓவியம் சுமார்தான். ஆனால் வில்லன் இல்லாமல், சண்டை இல்லாமல், ஒரு கதை தானாக எழுந்து உட்காரும் என்பதை அன்றைக்குக் கையால் செய்து தெரிந்துகொண்டேன்.

இந்த வடிவம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு 'சஸாஏ-சான்' ஒன்று போதும். மச்சிகோ ஹசெகாவா 1946-இல் ஃபுகுவோகாவில் ஒரு உள்ளூர் மாலைப் பத்திரிகையில் தொடங்கினார். பிறகு அது அசாஹி ஷிம்புன் நாளிதழுக்குப் போய் 1974 வரை வந்தது. ஒரு நடுத்தரக் குடும்பம், சமையல், கடைத்தெரு, தம்பி தங்கையின் குறும்பு. அதன் அனிமே 1969 அக்டோபரில் ஆரம்பித்தது, இன்னும் ஞாயிறு மாலைதோறும் வருகிறது. அரை மணி நேர நிகழ்ச்சிக்குள் மூன்று குட்டிக் கதைகள். உலகிலேயே நீளமாக ஓடும் அனிமேஷன் தொடரே குட்டிக் கதைகளால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

கியோஹிகோ அஸுமாவின் 'அஸுமங்கா தாயோ' 1999-இலிருந்து 2002 வரை வந்தது. பள்ளித் தோழிகளின் மூன்று வருடம். அதில் நான் கற்றுக்கொண்டது, ஒன்றுமே நடக்காத கட்டத்தின் அருமை. ஒருத்தி ஏதோ சொல்வாள். அடுத்த கட்டத்தில் இருவரும் சும்மா நிற்பார்கள். அந்தச் சும்மா நிற்பதற்குத்தான் நான் சிரித்திருக்கிறேன். 2002-இல் அனிமேயாக வந்தபோது வார நாட்களில் ஐந்தைந்து நிமிடமாக ஒளிபரப்பி, வார இறுதியில் சேர்த்துப் போட்டார்கள். சேர்த்துப் பார்ப்பதைவிட ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் எனக்கு ருசிக்கிறது.

அப்புறம் 2021 ஜூலை. தட்சுகி ஃபுஜிமோடோவின் 'லுக் பேக்' வந்தது. 140 பக்கத்துக்கு மேல், ஒரே அத்தியாயம். இந்த மாதிரி ஒரே தடவையில் முடிகிற மங்காவை யோமிகிரி என்பார்கள். ஜப்பானில் வெளியான நாளிலேயே ஷுஎய்ஷா பதிப்பகத்தின் மங்கா பிளஸ் செயலியில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஃபுஜினோ பள்ளிச் செய்தித்தாளுக்கு நான்கு கட்ட மங்கா வரைகிறாள். வகுப்புக்கே வராத க்யோமோட்டோவின் படம் பக்கத்தில் அச்சாகும்போது, தன் படம் எவ்வளவு சாதாரணம் என்று முதல் தடவையாக அவளுக்குப் புரிகிறது. இன்னும் படிக்காதவர்களுக்காக முக்கியமானதைச் சொல்லாமல் விடுகிறேன். கதவுக்கு அடியில் நழுவிப் போகும் ஒரு துண்டுக் காகிதத்தில், நான்கு கட்டத்தில், இந்தக் கதையின் மொத்தப் பாரமும் ஏறி நிற்கும் என்று மட்டும் சொல்லலாம்.

அதில் ஃபுஜினோ மேசையில் குனிந்து வரைவதை முதுகுப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஜன்னலுக்கு வெளியே பருவம் மாறும், அலமாரியில் புத்தகம் கூடும், முதுகு மட்டும் அப்படியே இருக்கும். வசனம் கிடையாது. நாலைந்து படத்தில் வருடங்கள் போய்விடும். மழையில் வயல் பாதையில் அவள் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும் காட்சியை நான் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 2024-இல் கியோடகா ஒஷியாமா அதை 58 நிமிடப் படமாக எடுத்தார். இழுக்காமல், அளவைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

தோழி ஒருத்தி கொடுத்த ஃபுமியோ கோனோவின் புத்தகத்தில் 'யூனகி நோ மச்சி' என்ற சிறுகதை இருந்தது. ஹிரோஷிமா, 1955. குண்டு விழுந்து பத்து வருடம் கழித்து மினாமி என்ற இளம்பெண் வேலைக்குப் போகிறாள், ஒருவர் அவளை விரும்புகிறார். பிறகு உடம்பு விழுகிறது. அவள் பார்வை போகப் போக, கட்டங்களிலிருந்து படமும் போய்விடுகிறது. வெள்ளைக் கட்டம், அதில் அவள் எண்ணம் மட்டும் எழுத்தாக. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்த வெள்ளைக் கட்டங்களை வேறெந்தக் கலையும் இப்படித் தந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, குறைகளும் உண்டு. சின்னது எல்லாமே நல்லது என்று நம்பி நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன். 2012-இல் தொடங்கிய 'டீக்யூ' இரண்டு நிமிடத் தொடர். டென்னிஸ் கிளப் பெண்கள், ஆனால் டென்னிஸ் விளையாடுவது அபூர்வம். பேச்சு அவ்வளவு வேகம். ஜப்பானியம் தெரியாத என்னால் சப்டைட்டிலைப் பிடிக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்திப் படித்ததில் இரண்டு நிமிடம் ஆறு நிமிடமானது, அதன் துள்ளலும் போய்விட்டது. மொழி தெரிந்தவர்களுக்கு அது வேறு அனுபவமாக இருக்கும்.

'யாமிஷிபாய்' 2013-இலிருந்து வரும் பேய்க்கதைத் தொடர், ஒன்று ஐந்து நிமிடம்கூட வராது. முன்பு ஜப்பானியத் தெருக்களில் சைக்கிளில் வந்து, மிட்டாய் விற்று, மரச்சட்டத்துக்குள் அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்வார்கள். காமிஷிபாய் என்று பெயர். அதே பாணியில் அசையாத படங்கள். ஏன், எதற்கு என்று விளக்காமல் முடித்துவிடுவார்கள், அதுதான் பயம். முதல் பருவம் அருமை. அடுத்தடுத்துப் போகும்போது முடிவு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

எனக்கு வருத்தமான அனுபவம் யூகி கிகுச்சியின் முதலைக் கதை. 'நூறு நாளில் சாகப்போகும் முதலை'. 2019 டிசம்பர் 12 முதல் 2020 மார்ச் 20 வரை ட்விட்டரில் நாளுக்கு ஒன்றாக நூறு யொன்கோமா. முதலை பகுதிநேர வேலைக்குப் போகிறது, நண்பர்களோடு விளையாடுகிறது, ஒரு பெண்ணை விரும்புகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் சாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு. நான் எல்லாம் முடிந்த பிறகு ஒரே மத்தியானத்தில் நூறையும் படித்துவிட்டேன். ஒன்றுமே ஒட்டவில்லை. தினமும் காலையில் ஒன்றைப் படித்து, அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டே தன் வேலைக்குப் போனவர்களுக்குத்தான் அது முழுசாகக் கிடைத்திருக்கும். அதிலிருந்து வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யொன்கோமா புத்தகம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான்.

போனில் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். யொன்கோமா போனுக்கென்றே செய்தது போல் இருக்கும். யோமிகிரி அப்படியில்லை. இரண்டு பக்கத்தை விரித்து வரைந்த பெரிய படம் போன் திரையில் பாதிப் பாதியாக வெட்டுப்படும். போனைக் குறுக்காகப் பிடியுங்கள், முடிந்தால் டேப்லெட்டில் படியுங்கள். மங்கா பிளஸில் தமிழ் இல்லை என்பதும் எனக்குத் தீராத குறை. இவ்வளவு குறைவான வசனத்தைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும்.

மொழியே வேண்டாத கதைகளும் இருக்கின்றன, அவைதான் என் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. 2021-இல் வந்த 'புய் புய் மோல்கார்' மூன்று நிமிடத்துக்கும் குறைவு, 12 எபிசோட். டோமோகி மிசாட்டோ இயக்கியது. கினி பிக் எலிகளே கார்களாக ஓடும் ஊர், எல்லாம் கம்பளித் துணியில் செய்து, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்தது. கார்கள் போடும் சத்தம் நிஜ கினி பிக்கின் சத்தம். முதல் கதையே போக்குவரத்து நெரிசல், நடுவில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ். மகளுக்கு மூன்று வயதில் காட்டினேன். ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் அப்பா அனிமே பக்கமே வராதவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் குனியோ காட்டோவின் 'ட்சுமிகி நோ இஎ'யைப் போட்டேன். 2008-இல் எடுத்தது, 12 நிமிடம், அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கியது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும் ஊர். ஒரு கிழவர் செங்கல் அடுக்கி வீட்டை மேலே மேலே கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். ஒருநாள் அவருடைய புகைபிடிக்கும் பைப் நழுவித் தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. அதை எடுக்க முங்குகிறார். கீழே ஒவ்வொரு மாடியிலும் அவர் வாழ்ந்த வருடங்கள்: மனைவி படுத்திருந்த கட்டில், மகள், கடைசியில் இருவரும் சேர்ந்து கட்டிய முதல் வீடு. மேலே வந்து இரண்டு கிளாஸில் ஒயின் ஊற்றி வைக்கிறார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, அந்த பைப் விழுற இடத்துலேர்ந்து இன்னொரு தடவை போடேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். பேத்தி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பைப் விழுகிற இடம் வந்ததும் அவர் கையைப் பிடித்து, "இப்போ தண்ணிக்குள்ள போவாரு, பாருங்க தாத்தா" என்றாள்.