காலை ஒத்திகையா, இரவுக் கணக்கா?

பண்டைய கிரேக்க, ரோமானியத் தத்துவமான ஸ்டோயிக் மரபின் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் இன்றே தொடங்கலாம் என்றால், என் கண்ணில் போட்டி இந்த இரண்டுக்குத்தான்.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், இன்று நன்றி கெட்டவர்களையும் திமிர் பிடித்தவர்களையும் சந்திப்பேன் என்று விடியும்போதே தனக்குச் சொல்லிக்கொண்டார். டிராஃபிக்கோ மேலாளரின் கடுகடுப்போ, எதிர்பார்த்தது வந்தால் பாதி எரிச்சல் அடங்கிவிடும். ஆனால் இயல்பிலேயே கவலைப்படுகிறவர்களுக்கு இது வெறும் புலம்பலாகிவிடக்கூடும். அந்தத் திமிர் பிடித்தவர்களும் என் உறவினர்களே, சேர்ந்து உழைக்கவே பிறந்தோம் என்றும் அரேலியஸ் சொன்னார். பலர் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதி செனெகாவின் வழக்கம் இரவில். விளக்கு அணைந்து மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய சொல், செயல் அனைத்தையும் ஒளிக்காமல் அலசுவார். இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய், எதில் மேம்பட்டாய் என்பது அவருக்கு முந்தைய தத்துவவாதி செக்ஸ்டியஸ் காட்டிய கேள்விமுறை. தவறு தென்பட்டால், இனிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன் என்று செனெகா தனக்கே சொல்லிக்கொள்வார். அந்த மன்னிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அது இல்லாவிட்டால் தூக்கம்தான் கெடும்.

கோபக்காரர்களுக்கு இரவுப் பயிற்சியையே முதலில் பரிந்துரைப்பேன். நடந்ததை மட்டும் பார்ப்பதால் வீண் கற்பனைக்கு இடமில்லை. போன் வேறு அறையில் இருக்கட்டும். எந்த ஆளிடம், எந்த நேரத்தில் நிதானம் தவறுகிறது என்பது பிடிபட்டபின் காலை ஒத்திகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.