மண்டபத்து உப்புக் காற்றில் பாசிமணி: மணி நிற்கிறது, கொக்கி நிற்பதில்லை

கடற்கரை ஊரில் உட்கார்ந்து பாசிமணி கோர்க்கிறவர்கள் மணியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கண்ணாடி மணியை உப்பு ஒன்றும் செய்யாது. நம்மைக் கைவிடுவது கொக்கியும், அதை மாலையோடு இணைக்கிற வளையமும், மணி கோர்க்கிற நரம்பும்தான். கடலே இல்லாத ஊரிலிருந்து வீடியோ போடுகிறவர் "இந்தக் கொக்கி அஞ்சு வருஷம் உழைக்கும்" என்று சொன்னால் அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மண்டபத்தில் அதே கொக்கி ஒரு கச்சான் காற்று சீசனுக்குள் பச்சை பூத்துவிடும்.

பல வருஷமாக இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். விற்பது குறைவு. ஆனால் தெருவில் யார் வீட்டு மாலை அறுந்தாலும், அது கடையில் வாங்கியதானாலும் கோயில் வாசலில் வாங்கியதானாலும், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி என்னிடம் வந்துவிடும். அப்படி அறுந்து வந்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்றதுதான் அதிகம், வீடியோவில் கற்றது அதற்கு அப்புறம்தான்.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா, அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கருகமணி கொண்டுவந்தார். முலாம் பூசிய கம்பியில் கட்டியது. "மணியெல்லாம் புதுசாட்டம் இருக்கு தங்கச்சி, இந்தக் கொக்கிதான் கழுத்துல கறை புடிக்குது" என்றார். பித்தளையில் இருக்கும் செம்பு, வியர்வை, உப்புக் காற்று மூன்றும் சேர்ந்தால் அந்தப் பச்சை வரத்தான் செய்யும். மேலே இருக்கும் தங்க முலாம் மெல்லிசு, உரசுகிற விளிம்பில் முதலில் போய்விடும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வியர்க்கிற கழுத்தில் அரிப்பு வந்துவிடும்.

அதனால் இப்போது நான் துருப்பிடிக்காத எஃகு, இல்லையென்றால் 92.5 வெள்ளி, இவை இரண்டைத் தவிர வேறு கொக்கி போடுவதில்லை. வெள்ளி கறுக்கும், ஆனால் தேய்த்தால் வெளுத்துவிடும். எஃகு வாங்கும்போது 304 என்றும் 316 என்றும் இரண்டு தரம் வரும். 316இல் மாலிப்டினம் கலந்திருக்கிறது, உப்பில் புள்ளி புள்ளியாக அரிப்பதை அது தாங்கும், படகுச் சாமான்களுக்கும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள், இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஒரே தொல்லை, எஃகு வளையம் ரொம்பக் கெட்டி. இரண்டு குறடு வேண்டும், வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்காமல் ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருப்பித் திறக்க வேண்டும், அப்போதுதான் மூடும்போது வட்டம் கெடாமல் சேரும்.

அடுத்தது நரம்பு. இதில்தான் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆன்லைனில் மணி வேலைக்கென்று பெரிய விலைக்கு விற்கிற பயர்லைன், முதலில் தூண்டில் போடுகிறவர்களுக்காக வந்த நரம்பு. பாலிஎதிலீன் இழைகளைச் சேர்த்துச் செய்தது, இழுத்தால் நீளாது. அதே மாதிரிப் பின்னல் நரம்பு இங்கே தூண்டில் சாமான் விற்கிற கடையிலேயே கிடைக்கும். நான் எடுப்பது 0.15 மில்லிமீட்டர் கனம், நுணுக்க வேலைக்கு அது போதும். கடைக்காரர் என்ன மீனுக்கு என்று கேட்பார், பாசி கோர்க்க என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வலைக்குப் போடுகிற தங்கூசியில், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பில், கோர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மலிவு, ஊசியே வேண்டாம், நுனியை நேராக மணிக்குள் விடலாம், பழகுகிற பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் சுருளில் இருந்த வளைவு அதைவிட்டுப் போகாது, மாலை கழுத்தில் படியாமல் துருத்திக்கொண்டு நிற்கும். வெயில் பட்டுப் பட்டு மொறுமொறுவென்று ஆகி ஒருநாள் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒடியும். பின்னல் நரம்பில் அந்தக் குறை இல்லை, ஆனால் வழுக்கும். ஒரு முடிச்சைப் போட்டு விட்டுவிட்டால் தானே அவிழும், மணிகளுக்குள்ளேயே திரும்பிப் போய் இடையிடையே இரண்டு மூன்று முடிச்சு போட்டு வர வேண்டும். சாம்பல் நிற நரம்பு கையிலும் வெளிர்நிற மணியிலும் கரி மாதிரி ஒட்டும், கோர்ப்பதற்கு முன்னால் துணியால் ஒருதரம் உருவிவிடுங்கள். வெட்டப் பிள்ளைகளின் பழைய கத்தரிக்கோல் போதும். நல்ல கத்தரிக்கோலை வைத்து வெட்டினால் அதன் முனை மழுங்கிவிடும்.

முத்து மாலைக்கு மட்டும் இது வேண்டாம், பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு போட்டால்தான் முத்தோடு முத்து உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். சென்ட் அடித்துக்கொண்டு முத்து போடாதீர்கள், மேல்பூச்சு மங்கிவிடும்.

மணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவு எண் கூடினால் மணி சிறுக்கும்: 11 என்றால் சுமார் 2 மில்லிமீட்டர், 15 அதைவிடச் சிறிசு. ஜப்பானின் மியூக்கி, டோஹோ என்கிற இரண்டு கம்பெனி மணியும் ஹிரோஷிமா பகுதியில் செய்பவை, அளவு சீராக இருக்கும், ஓட்டை பெரிசு, ஊசி பல தடவை நுழையும். டெலிகா என்கிற உருளை மணியில் கட்டம் போட்டுப் பின்னினால் தரை ஓடு பதித்த மாதிரி பொருந்தி உட்காரும். செக் நாட்டு பிரெசியோசாவில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, மாலைக்கு அது அழகுதான், பின்னலுக்குப் பொறுக்கி எடுக்க வேண்டும். நம் ஊர் மணியில் பொறுக்கல் இன்னும் கூடுதல், ஆனால் கிலோ கணக்கில் வாங்கலாம்.

பளபளவென்று தங்கம், வெள்ளி, ஊதா என்று மின்னுகிற பூச்சு மணிகளைப் பார்த்து மயங்காதீர்கள். நாலைந்தை எடுத்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் போட்டுப் பாருங்கள், இன்னும் நாலைந்தை ஜன்னலில் வெயிலில் வையுங்கள். சாயம் போகிறதென்றால் கழுத்தில் பட்டாலும் போகும். கண்ணாடியே நிறமாக இருக்கிற மணிதான் இந்தக் காற்றுக்கும் வியர்வைக்கும் நிற்கும். பக்கத்தில் வைகைக் கரையில் அழகன்குளத்தில் தோண்டியபோது கண்ணாடி மணியும் கல்மணியும் சங்கு வளையலும் கிடைத்தன. இத்தனை நூற்றாண்டு உப்பு மண்ணுக்குள் கிடந்த மணி, அதைக் கோர்த்த நூல் எங்கே போனதோ.

சிப்பி, சங்கு வைத்துச் செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே கிடைக்கிற சங்கு ரொம்பக் காலமாக வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது, அதை அறுப்பது வீட்டு வேலை கிடையாது. சிறு சிப்பியில் துளை போடுவதென்றால் தண்ணீருக்குள் வைத்துப் போட வேண்டும், அந்தத் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. துளையின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், தேய்த்து மழுக்காமல் கோர்த்தால் எந்த நரம்பையும் அறுத்துவிடும். பவளத் துண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா, பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அழகாக இருந்தது, எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வாட்ஸ்அப்பில் மணி கோர்க்கிற பெண்களின் குழுவில் இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, எங்கள் பக்கத்துக்காரர்கள் அதிகம் பேசுகிற சமயம் அதுதான். கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது, பழைய மாலையைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவார்கள். முடிச்சு நழுவுகிறது என்று போட்டோ போட்டால் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஒருவர் கையால் வரைந்து அனுப்புவார். சண்டையும் உண்டு, பெரும்பாலும் என் டிசைனைப் பார்த்துச் செய்துவிட்டாள் என்கிற சண்டை. பூப்போட்ட கட்டம் யாருக்குச் சொந்தம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் அடுத்தவர் எடுத்த போட்டோவைத் தன்னுடையது என்று போட்டு ஆர்டர் பிடிப்பது திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலை சொல்லும்போது மணிக் காசை மட்டும் கூட்டி, உட்கார்ந்த மணிநேரத்தை விட்டுவிடுகிறவர்கள் மற்ற எல்லோருடைய விலையையும் சேர்த்துக் கீழே இழுக்கிறார்கள்.

உடம்புக்கு வருகிற கஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் 15ஆம் எண் மணி தரை பூராவும் ஓடும். ஃபேன் இல்லாத மே மாத மண்டபம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை முகப்பவுடர் டப்பாவுக்குள் செருகி வைத்தால் துரு சீக்கிரம் பிடிக்காது.

எலாஸ்டிக் வளையலைத் திருத்தக் கொண்டுவந்தால் மட்டும் வாங்குவதில்லை. எலாஸ்டிக் என்றால் இந்த வெயிலில் தளர்ந்து அறுந்தே தீரும், கோர்ப்பதற்கு முன்னாலேயே இழுத்து விட்டாலும், முடிச்சில் பசை வைத்தாலும் கொஞ்ச நாள்தான் கூட வரும். மணியைக் கொடுங்கள், பின்னல் நரம்பில் கொக்கி வைத்துக் கட்டித் தருகிறேன் என்பேன். ஒரு கையால் கொக்கி மாட்ட வராதே என்பார்கள். வராதுதான், வீட்டில் யாரையாவது மாட்டிவிடச் சொல்லுங்கள்.