ஹெபடைடிஸ் பி: வார ஊசியா, தினசரி மாத்திரையா?

ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று நாள்பட்டுவிட்டது என்று ரிப்போர்ட் வந்தவர்கள், ஊசியா மாத்திரையா, எது பாதுகாப்பு என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீடு எங்கே? சேலம் ஐந்து ரோட்டில் இருப்பவருக்குச் சொல்லும் பதிலை, ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது.

பெக் இன்டர்ஃபெரான் ஊசி நம் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து. தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தி, வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்கும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ரத்தத்தில் எகிறும். திடமான கல்லீரல் தாங்கிக்கொள்ளும். சுருங்கிப்போன கல்லீரல் அதிலேயே செயலிழக்கலாம். அதனால் முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும், கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் தவிர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு முதலில் காய்ச்சல், உடம்புவலி. போகப் போக வெள்ளையணுவும் தட்டணுவும் குறையலாம், தைராய்டு கெடலாம். இவையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எனக்குப் பயம் மனச்சோர்வைப் பற்றித்தான். ஊசி போட்ட அசதி என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அது தற்கொலை எண்ணம் வரை போகக்கூடியது. கூட இருப்பவர் ஒருவரிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

48 வாரத்தில் முடிந்துவிடும் என்பது ஊசியின் பெரிய நன்மை. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் இருப்பவர் ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நேரடியாகத் தடுப்பவை. சிரோசிஸ் உள்ளவர்களும் சாப்பிடலாம். டெனோஃபோவிரின் பழைய வகை சிறுநீரகத்தையும் எலும்பையும் மெல்லப் பாதிக்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவர வேண்டும். பலருக்கு இது பல ஆண்டு மருந்து. உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்துகிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து: அடங்கியிருந்த வைரஸ் பொங்கி எழுந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

கீழாநெல்லியையும் கேட்கிறார்கள். 1988இல் வெளியான சென்னை ஆய்வு நல்ல பலன் காட்டியது. பின்வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. மருந்தை விட்டுவிட்டு அதை நம்ப வேண்டாம்.

கல்லீரல் திடமாக, வயது குறைவாக, டவுனிலேயே இருப்பவர் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது மாத்திரைதான். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் என்பதால், ஐப்பசிக்கு முன்பே கூடுதலாக ஒரு மாத மாத்திரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.